மழைக்காளானை வற்றல் போடுவது எப்படி?

புற்றுக்காளான் கிடைக்கும்போது மொத்தமாகத்தான் கிடைக்கும். இடிமழை பெய்து ஒன்றிரண்டு நாள் கழித்துப் புற்றடிக்குப் போனால், நேற்று ஒன்றுமில்லாத இடத்தில் இன்றைக்கு ஒரு கூடை நிற்கும். அடுத்த நாள் போனால் பாதி கருத்துத் தொங்கிக் கிடக்கும். வீட்டில் நாலு பேர் என்றால் ஒரு வேளைக் குழம்புக்கு அரைக் கிலோ தாராளம். அக்கம்பக்கம் கொடுத்தது போக இன்னும் ஒரு கிலோ மிஞ்சினால் என்ன செய்வது? ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டாம் நாளே வழுவழுப்பு தட்டிவிடும்.

வற்றல் போடலாமே என்று தோன்றும். சுண்டைக்காய், மணத்தக்காளி, கத்தரி, கொத்தவரை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வற்றல் போட்ட ஊர் நம்முடையது. ஆனாலும் காளான் வற்றலை மொட்டைமாடிகளில் அதிகம் பார்க்க முடியாது. வற்றல் காய்வது பங்குனி, சித்திரை வெயிலில். காளான் முளைப்பதோ மழையில். காய வைக்க வேண்டியது கையில் இருக்கும் நாளில் வெயில் இருக்காது. காளான் வற்றலின் சிக்கல் முழுக்க இதில்தான் இருக்கிறது.

இது உறைக்காமல் நான் முதல் தடவை முழுக் காளான்களை ஊசிநூலில் கோத்து, ஐப்பசி மாதம் சமையலறை ஜன்னலில் மாலையாகத் தொங்கவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் காலை மேடையில் இரண்டு வெள்ளைப் புழு நெளிந்தது. எங்கிருந்து வந்தது என்று நிமிர்ந்து பார்த்தால் மாலையிலிருந்து இன்னொன்று விழுகிறது. அன்றோடு மாலை குப்பைக்குப் போனது. காஷ்மீர், இமாச்சலப் பகுதிகளில் ‘குச்சி’ என்று இந்தியில் சொல்லும் மோரல் காளானை இப்படித்தான் நூலில் கோத்துக் காய வைப்பார்கள். கிலோ பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் விலை போகும் சரக்கு அது. அங்கே அது காய்வது குளிர்ந்த மலைக்காற்றில். குச்சிக் காளான் உள்ளே வெற்றுக் கூடு, சதையும் மெல்லிசு. நம் ஐப்பசிக் காற்றிலும் புற்றுக்காளானின் கனத்த தண்டிலும் அந்தக் கதை நடக்காது.

காய்ந்தது ஏன் கெடுவதில்லை?

புதுக் காளானில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஒரு கிலோவைக் காய வைத்தால் நூறு கிராம் சொச்சம்தான் தேறும். அழுக வைக்கும் பாக்டீரியாவும் பூஞ்சணமும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் பிழைக்கின்றன. அவற்றுக்கு எட்டும் தண்ணீர் எவ்வளவு என்பதற்கு நீர்ச் செயல்திறன் என்று ஓர் அளவு உண்டு. சுத்தமான தண்ணீருக்கு அது 1. புதுக் காளானுக்கும் கிட்டத்தட்ட அதேதான். 0.6க்குக் கீழே இறங்கிவிட்டால் எந்த நுண்ணுயிராலும் பெருக முடியாது. மொறுமொறுவென்று காய்ந்த காளானிலும் கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அது காளானோடு இறுகப் பற்றிக்கொண்டிருக்கும், கிருமியின் கைக்கு வராது. மூட்டையில் கல் மாதிரி கிடக்கும் அரிசியிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு ஈரம் இருப்பதைப் போல.

கிருமிகள் செத்துவிட்டன என்று இதற்குப் பொருள் இல்லை. தண்ணீர் கிடைக்காமல் ஒடுங்கிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். வற்றலை ஊற வைத்த நிமிடத்திலிருந்து அது மறுபடியும் பச்சைக் காளான். ஊறியதை அன்றைக்கே நன்றாக வேக வைக்க வேண்டும்.

ஆக இது ஓட்டப்பந்தயம். பறித்த நேரத்திலிருந்து கிருமியும் புழுவும் வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. அவை ஜெயிப்பதற்குள் தண்ணீர் வெளியேற வேண்டும். காலையில் பறித்ததை அன்று மாலைக்குள் காய வைக்கத் தொடங்கிவிட வேண்டும். சமைத்தது போக மிஞ்சி, இரண்டு நாள் ஃபிரிட்ஜில் கிடந்து வாடியதை வற்றல் போட்டால், வாடிய சுவைதான் ஒரு வருடத்துக்கு டப்பாவில் இருக்கும்.

தண்ணீர் போகும், நஞ்சு போகாது

வற்றலாக்கும்போது காளானிலிருந்து கழிவது தண்ணீர் மட்டும்தான். மண் அங்கேயே இருக்கும். புழு செத்து அங்கேயே இருக்கும். நஞ்சும் இருக்கும். உலகில் காளான் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணமான அமனிட்டா வகைகளின் நஞ்சு வெயிலுக்கோ கொதிக்கும் எண்ணெய்க்கோ அசையாது, உறைய வைத்தாலும் அழியாது. அதைத் தின்றவருக்கு ஆறு மணி நேரம் வரை, பல சமயம் அதற்கும் மேலே, ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தியும் பேதியும் வரும், நடுவில் தேறியது போலவும் இருக்கும், அதன் பிறகு கல்லீரல் செயலிழக்கும். 2022 ஏப்ரலில் அசாமின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் சில நாட்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் காட்டுக்காளான் தின்று இறந்தார்கள். காளானைத் தெரியாத பட்டணத்துக்காரர்கள் அல்ல, மழைக்காலம்தோறும் பறித்துத் தின்று வளர்ந்தவர்கள்.

நம் பக்கம் அடிக்கடி ஆள் மாறாட்டம் செய்வது வேறொன்று. மழை விட்டதும் புல்தரையில், பள்ளி மைதானத்தில், வீட்டுத் தோட்டத்தில் கொத்தாக நிற்கும் பெரிய வெள்ளைக் குடை; மேலே பழுப்புச் செதில்கள், தண்டில் வளையம். குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்பது அதன் அறிவியல் பெயர். பார்த்தால் கைநிறைய பறிக்கத் தோன்றும். தின்றால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடலைப் புரட்டிப் போட்டுவிடும். இளசாக இருக்கும்போது குடையின் அடியில் உள்ள செவுள்கள் வெள்ளையாகவே இருக்கும், முதிர்ந்த பிறகுதான் பச்சை சாயல் வரும்.

புற்றுக்காளானின் அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது. தண்டு தரையோடு நின்றுவிடாது. வேர் மாதிரி நீண்டு கீழே கரையான் கூட்டுக்குப் போகும். கரையான்கள் மென்று குவித்த தழைக்குவியலில் வளரும் பூஞ்சைதான் மழை பார்த்து மேலே குடை விரிக்கிறது. ஆகவே வெடுக்கென்று பிடுங்காமல் ஒரு குச்சியால் நோண்டிப் பாருங்கள். குடையின் நடுவில் கூரான புடைப்பு இருக்கும். முதிர்ந்த குடையின் தண்டை வெட்டிவிட்டு, ஒரு காகிதத்தின் மேல் கவிழ்த்துக் கிண்ணத்தால் மூடி ராத்திரி முழுக்க வைத்தால் வித்துத்தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு அது இளஞ்சிவப்பு, முன்னே சொன்ன வெள்ளைக் குடைக்குப் பச்சை. தண்டில் வளையம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், சில புற்றுக்காளான்களிலும் வளையம் உண்டு. புற்றுக்காளான் என்று ஒரே பெயரில் கூப்பிட்டாலும் அதில் பல இனங்கள். இந்தப் பேரினத்துக்கு 1942ல் டெர்மிட்டோமைசெஸ் என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹெய்ம். 1979ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நடராஜன் தென்னிந்தியாவில் கிடைத்த ஓர் இனத்தை விவரித்து, அதற்கு ஹெய்மின் பெயரையே சூட்டினார்.

மஞ்சள் தண்ணீரில் அலசினால் விஷம் முறியும், வெள்ளிக் கரண்டி கருத்தால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்ல காளான் என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாக வருகிற நம்பிக்கைகள். ஒன்றுகூட உண்மையில்லை. நத்தை தின்கிற காளான் மனிதனைக் கொல்லும்.

வற்றலைப் பற்றிப் பேச வந்தவன் இதை இவ்வளவு நீட்டக் காரணம் இருக்கிறது. காளானை அடையாளம் காண்பது பச்சையாக, முழுசாக இருக்கும்போது மட்டுமே முடியும். கிழித்துக் காய்ந்து பழுப்பாகச் சுருங்கிய பிறகு எல்லாக் காளானும் ஒரே முகம். வேரும் இருக்காது, செவுள் நிறமும் தெரியாது. கூடையில் ஒன்றே ஒன்று தவறாக வந்திருந்தால், சமைக்கும்போது ஒருவேளை கண்ணில் படலாம். டப்பாவுக்குள் போன பிறகு படாது. சந்தேகம் இருப்பதைக் கத்தி எடுப்பதற்கு முன்பே தூக்கிப் போடுங்கள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் ஊரில் விவரம் தெரிந்தவரோடு போய், அவர் கையால் எடுத்துக் காட்டியதை மட்டும் பறிப்பது நல்லது. யாருக்காவது வயிற்றைப் புரட்டினால் மோர் குடித்துப் பார்க்கலாம் என்று உட்கார வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, மிச்சமிருக்கும் காளானையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போக வேண்டும்.

இன்னொன்று. களைக்கொல்லி அடித்த தோட்டத்திலும் சாக்கடை ஓரத்திலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் முளைத்ததை எடுக்க வேண்டாம். காளான் மண்ணில் உள்ள உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு கிலோ நூறு கிராமாகச் சுருங்கும்போது அதெல்லாமும் அந்த நூறு கிராமுக்குள் செறிந்துவிடும்.

கழுவலாமா, கிழிக்கலாமா?

ஊற வைத்துக் கழுவ வேண்டாம். தண்ணீரை வெளியேற்றத்தான் இத்தனை பாடு, அதில் இன்னும் ஏற்றுவானேன்? வேர்ப்பக்கத்தை மண்ணோடு வெட்டித் தள்ளிவிட்டு, குடையை ஈரத்துணியால் துடைத்தால் போதும். செம்மண் அப்பியிருந்தால் குழாயடியில் ஒரு கணம் காட்டிவிட்டுத் துண்டில் ஒற்றி எடுக்கலாம்.

புற்றுக்காளானுக்குக் கத்தி அவ்வளவாகத் தேவையில்லை. வேகவைத்த கோழிநெஞ்சு மாதிரி நார் நாராக வரும். தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலிருந்து கீழாக இழுத்தால் நூல் போலக் கிழியும். கிழித்த முகத்தை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். ஊசிக்கண் அளவு துளையும் அதைச் சுற்றிப் பழுப்புக் கோடும் தெரிந்தால் உள்ளே ஈப்புழு இருக்கிறது. அந்தத் துண்டைக் கழித்துவிடலாம். உப்புத் தண்ணீரில் போட்டால் புழு வெளியே வரும் என்பது சரிதான், ஆனால் அதைச் சமைக்கப்போகும் காளானுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வற்றலுக்கு எடுப்பதை நான் நனைப்பதில்லை. முழுதாக விரிந்து செவுள் கருக்கத் தொடங்கிய குடைகளையும் சேர்ப்பதில்லை, பாதி விரிந்ததுதான் நன்றாகக் காயும்.

கனம் அரை சென்டிமீட்டருக்கு மேல் போக வேண்டாம். தண்டும் குடையும் தனித்தனித் தட்டில் இருக்கட்டும். தண்டு காய நேரம் பிடிக்கும். ஒரே தட்டில் போட்டால் குடை நொறுங்கும் நேரத்தில் தண்டு தோல் மாதிரி இருக்கும்.

மழைநாளில் காய வைப்பது

ஈரத்துணி மழைக்காலத்தில் காயாமல் போவது ஏன் என்று தெரிந்தால் இதுவும் தெரியும். காற்றுக்கு ஈரத்தைத் தாங்க ஓர் எல்லை உண்டு. அடைமழை நாளில் 28 டிகிரியில் காற்று அந்த எல்லையில் 90 சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காளானிடமிருந்து வாங்கிக்கொள்ள அதனிடம் இடமே இல்லை. அதே காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்கினால், சூடான காற்று அதிக ஈரம் தாங்கும் என்பதால், நிரம்பியிருக்கும் அளவு 28 சதவீதத்துக்கு இறங்கிவிடும். காற்றில் உள்ள தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை, ஆனால் காற்று இப்போது தாகத்தோடு இருக்கிறது. சூட்டின் வேலை காளானைச் சுடுவது அல்ல, காற்றுக்குத் தாகம் ஏற்றுவது.

இதனால்தான் மழைக்காலத்தில் மின்விசிறி மட்டும் போதாது. ஆனால் தொடங்கி வைக்க அதைவிட எளிய வழி கிடையாது. பழைய கொசுவலைத் துண்டை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டி, ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ராத்திரி முழுக்க விசிறியை ஓட விடுங்கள். முறத்தில் பரப்பினால் அடிப்பக்கம் வியர்க்கும், வலையில் கீழேயும் காற்று போகும். காலையில் பாதிக்கு மேல் எடை குறைந்து, வாடி, தோல் பதத்துக்கு வந்திருக்கும். அதற்கு மேல் நகராது. அறைக் காற்றின் ஈரமும் காளானின் ஈரமும் சமரசமாகிவிட்டன. அப்புறம் சூடு வேண்டும்.

காய்கறி உலர்த்தும் மின்கருவி இருந்தால் கவலையே இல்லை. 50லிருந்து 55 டிகிரி வைத்தால் பச்சையிலிருந்து தொடங்கினாலும் ஆறு முதல் பத்து மணி நேரத்தில் முடியும். ஓடிஜி அடுப்பில் செய்வதென்றால், குறைந்த சூடே 100 டிகிரியில் தொடங்கும் மாடல்களும் உண்டு என்பதால் எச்சரிக்கை தேவை. கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகித் திறந்து வைத்து, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். கதவு திறந்திருப்பது சூட்டைக் குறைக்க மட்டுமல்ல, ஈரக்காற்று வெளியே போகவும்தான். 65 டிகிரியைத் தாண்டினால் காளான் காய்வதற்குப் பதில் வேகத் தொடங்கும். சாறு கசிந்து, கருத்து, வெளிப்புறம் ஓடு கட்டிக்கொள்ளும். ஓடு கட்டினால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வழி அடைபட்டுவிடும். விறகடுப்பு இன்னும் எரிகிற வீடுகளில் அடுப்புக்கு மேலே உயரத்தில் ஒரு தட்டைத் தொங்கவிட்டாலே வேலை முடியும், கூடவே புகைவாசம் இலவசம். எனக்கு அந்த வாசம் பிடிக்கும், ரசத்துக்கு நன்றாக இருக்கும்.

நடுவில் ஒரு மணி நேரம் சுள்ளென்று வெயில் அடித்தால் தட்டோடு மாடிக்குக் கொண்டு போங்கள். காளானில் எர்கோஸ்டெரால் என்று ஒரு பொருள் உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அது வைட்டமின் டி2 ஆக மாறும். குடைத் துண்டுகளைச் செவுள் மேலே பார்க்கும்படி வைத்தால் இன்னும் நல்லது. ஒரு மெல்லிய துணியைப் போர்த்த மறக்க வேண்டாம், ஈக்கள் காத்துக்கொண்டிருக்கும்.

காய்ந்ததா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. போன மழையில் சரியாக 500 கிராம் கிழித்துப் போட்டேன். விசிறியடியில் ஒரு ராத்திரி கிடந்து காலையில் தராசில் 190 காட்டியது. கருவியில் ஐந்து மணி நேரம் ஓடிய பிறகு 56. தொட்டால் சருகு மாதிரிதான் இருந்தது. ஒரு தண்டுத் துண்டை எடுத்து மடித்தேன், ஒடியாமல் வளைந்தது. இன்னும் ஒரு மணி நேரம். 53 கிராமில் எடுத்து, பத்து நிமிடம் ஆற விட்டு மடித்ததும் பட்டென்று ஒடிந்தது. ஆற விடுவது அவசியம். சூடாக இருக்கும்போது காய்ந்த துண்டும் வளையும், அப்பளம் எண்ணெயிலிருந்து எடுத்த நொடியில் வளைவது போலத்தான். கணக்கு வேண்டுமானால், பச்சை எடையில் பத்தில் ஒரு பங்குக்கு அருகே வந்ததும் ஒடித்துப் பார்க்க ஆரம்பிக்கலாம்.

டப்பாவுக்குள்

ஆறியதும் உடனே மூடிவிட வேண்டும். காய்ந்த காளான் பஞ்சு மாதிரி. மழைநாளில் ஒரு மணி நேரம் திறந்து கிடந்தால் மொறுமொறுப்பு போய்விடும். இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் பாட்டில்தான் என் தேர்வு. எவர்சில்வர் சம்படம் பார்க்க உறுதியாக இருந்தாலும் மூடியிடுக்கில் காற்று போகும், பிளாஸ்டிக் பையை வண்டு துளைத்துவிடும்.

மூடியதும் பரணில் தூக்கி வைத்து மறந்துவிட வேண்டாம். முதல் ஒரு வாரம் கண்ணெதிரே இருக்கட்டும். தினமும் ஒருமுறை குலுக்குங்கள். சில துண்டுகளில் மிச்சமிருக்கும் ஈரம் மற்றவற்றுக்குப் பரவிச் சமமாகும். கண்ணாடியின் உள்பக்கம் லேசாக வியர்த்தாலோ துண்டுகள் ஒட்டிக்கொண்டாலோ திரும்ப எடுத்துக் காய வைக்கலாம். பூஞ்சணம் தெரிந்துவிட்டால் அந்தப் பாட்டில் முழுவதும் குப்பைக்கு. மேலாக இருப்பதை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடலாம் என்ற சிக்கனம் இங்கே வேண்டாம்.

பூச்சிமுட்டை ஏதாவது ஒளிந்திருக்குமோ என்று பயமாக இருந்தால், மூடிய பாட்டிலை ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்கலாம். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்த காளான் மேல் படிந்து, பட்ட பாடெல்லாம் வீணாகும். அடுப்புக்குப் பக்கத்திலோ வெளிச்சம் படும் தட்டிலோ வைக்காமல் இருட்டில் வைத்தால் ஒரு வருடம் மணம் குன்றாமல் இருக்கும். பாட்டிலின் மேல் என்ன காளான், எங்கே பறித்தது, எந்தத் தேதி என்று எழுதி ஒட்டுங்கள். இரண்டு இடத்தில் பறித்ததை ஒரே பாட்டிலில் கலக்க வேண்டாம்.

ஊற வைத்த காளானை எண்ணெயில் போட்டு ஊறுகாய் மாதிரி வெளியே வைப்பது ஆபத்தானது. எண்ணெய்க்கு அடியில் காற்று இருக்காது. போட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு அதுதான் பிடித்த இடம்.

சமைக்கும்போது ஒரு கைப்பிடி வற்றலை, அதாவது பத்துப் பதினைந்து கிராம், வெந்நீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் இரண்டு பேர் குழம்புக்குச் சரியாக இருக்கும். பச்சைக் காளானின் சதைப்பற்று முழுதாகத் திரும்பாது, கொஞ்சம் நறுக்கென்றே இருக்கும். ஆனால் மணம் பச்சையைவிடக் கூடுதல். கறியாக வதக்குவதைவிடப் பூண்டு, மிளகு தட்டிப் போட்ட குழம்புக்கே இது பொருத்தம். ஒடிந்து தூளானதை மிக்ஸியில் பொடித்து வைத்தால் ரசத்துக்கும் கஞ்சிக்கும் ஒரு சிட்டிகை போதும். அரைத்ததும் மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் பொறுங்கள், அந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது.

ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டாம், பாதி ருசி அதில்தான் இருக்கிறது. மெல்லிய துணியில் வடிகட்டிக் குழம்பில் சேர்க்கலாம். என்னதான் துடைத்துக் காய வைத்தாலும் புற்றுமண் கொஞ்சம் அடியில் தங்கும். கடைசி இரண்டு கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுகிறேன்.